கிதாருக்குக் கமகம் வருமா?

பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயப் பாடகர் குழுவோடு கிதார் ஒலிக்கிறது. கல்லூரி விழா மேடையில் அதன் உறவினரான மின்கிதார் முழங்குகிறது. ஊருக்கு வெளியே கோயில் கொடை நடக்கும் இடங்களில் வில்லுப்பாட்டு. நவராத்திரி வந்தால் வீடுகளில் வீணை. தாமிரபரணிக் கரையில் வளரும் ஒரு மாணவனின் காதில் இத்தனை வகைத் தந்திகளின் ஓசையும் விழுகிறது.

கிதார் பழகும் மாணவர்கள் சில மாதங்களுக்குப் பின் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "சினிமாப் பாட்டு வருகிறது, ஞானப்பாட்டு வருகிறது, ஆனால் தோடி ராகத்தை வாசித்தால் அது ஏன் தோடியாக ஒலிப்பதில்லை?" என்பதே அது. "அது மேல்நாட்டு வாத்தியம், அதில் கமகம் வராது" என்று சொல்லிப் பெரியவர்கள் முடித்துவிடுவார்கள். கமகம் என்பது சுரத்தை அசைத்தும் வளைத்தும் இழுத்தும் பாடுவது. அது இல்லையென்றால் தோடி இல்லை.

ஆனால் "வராது" என்பது சரியான விடைதானா? வாத்தியம் எந்த நாட்டில் பிறந்தது என்பது தந்திக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தவை நீளம், இழுவிசை, எடை ஆகிய மூன்றே. ஆகவே இந்தக் கேள்வியை இயற்பியலிடம் கேட்டுப் பார்ப்போம்.

தந்தியின் மூன்று விதிகள்

பள்ளி ஆய்வகத்தில் சுரமானி என்னும் கருவியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு மரப்பெட்டி, அதன்மேல் ஒரு கம்பி, கம்பியின் முனையில் தொங்கும் எடைகள். பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636-இல் வெளியிட்ட விதிகளை அதில் சரிபார்க்கிறோம்.

முதல் விதி: தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரு மடங்காகும். இரண்டாம் விதி: இழுவிசையை நான்கு மடங்காக்கினால் அதிர்வெண் இரு மடங்காகும். மூன்றாம் விதி: ஒரே நீளமும் இழுவிசையும் உள்ள இரு தந்திகளில், ஒன்றின் எடை மற்றதைப்போல் நான்கு மடங்கானால் அதன் அதிர்வெண் பாதியாகும்.

கிதாரில் ஆறு தந்திகள் உள்ளன. வழக்கமான சுருதியில் மிகத் தடித்த தந்தியின் அதிர்வெண் 82.4 ஹெர்ட்ஸ், மிக மெல்லிய தந்தியின் அதிர்வெண் 329.6 ஹெர்ட்ஸ். அதாவது சரியாக நான்கு மடங்கு. ஆறு தந்திகளும் ஏறத்தாழ ஒரே நீளம்தான். ஆகவே இந்த வேறுபாட்டில் பெரும்பகுதி மூன்றாம் விதியால், அதாவது தந்தியின் பருமனால், வருகிறது. கடையில் வாங்கும்போதே இந்த விதி முடிந்துவிடுகிறது. வாசிக்கும்போது தந்தியின் எடையை மாற்ற இயலாது. வாசிப்பவருக்கு மிஞ்சுவன நீளமும் இழுவிசையுமே.

நீளத்தை மாற்றும் வழி: மெட்டுகள்

கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளைப் பார்த்திருப்பீர்கள். வீணைக்காரர்கள் இவற்றை மெட்டு என்பார்கள். விரலால் தந்தியை அழுத்தினால் அது மெட்டில் படிகிறது. அங்கிருந்து குதிரை வரையுள்ள பகுதி மட்டுமே அதிர்கிறது. நீளம் குறைகிறது, சுருதி உயர்கிறது.

மெட்டுகளை எந்த இடைவெளியில் பதிப்பது? ஓர் எட்டுச்சுரக் கோவையில், அதாவது கீழ் ஸ முதல் மேல் ஸ வரை, 12 படிகள் உள்ளன. ஒவ்வொரு படியிலும் அதிர்வெண் ஒரே விகிதத்தில் ஏறவேண்டும். 12 படிகள் ஏறியதும் இரு மடங்காக வேண்டும். எந்த எண்ணை 12 முறை பெருக்கினால் 2 வரும்? அது 1.0595. குதிரை வரை 65 சென்டிமீட்டர் நீளமுள்ள தந்தியானால், முதல் மெட்டு மேல்முனையிலிருந்து 3.65 செ.மீ. தள்ளி வரும். அடுத்த இடைவெளி 3.44 செ.மீ. இப்படிக் குறைந்துகொண்டே போய், 11-க்கும் 12-க்கும் நடுவே 1.93 செ.மீ. மட்டுமே இருக்கும். 12-ஆவது மெட்டு சரியாக நடுவில், 32.5 செ.மீ.-இல் அமையும். ஓர் அளவுகோலோடு சென்று எந்தக் கிதாரிலும் இதைச் சரிபார்க்கலாம்.

கால்குலேட்டர் இல்லாத காலத்தில் கைவினைஞர்கள் என்ன செய்தார்கள்? நீளத்தை 18 பங்காக்கி, ஒரு பங்கை விட்டு மெட்டுப் பதித்தார்கள். மிச்ச நீளத்தை மறுபடி 18 பங்காக்கினார்கள். 1581-இல் இந்த 18:17 விகிதத்தைத் தம் நூலில் ஆதரித்து எழுதியவர் வின்சென்சோ கலிலி என்ற இத்தாலிய இசைக்கலைஞர். அவருடைய மூத்த மகன்தான் நாம் அறிந்த கலிலியோ! தந்தையின் கணக்கைப் பரிசோதியுங்கள். 18/17 என்பதை 12 முறை பெருக்கினால் 1.986 வருகிறது. 2-க்கு எவ்வளவு அருகில்!

மெட்டு உண்மையில் தடையா?

மெட்டுகள் இருப்பதால் கிதாரில் 12 நிலையான படிகள் மட்டுமே கிடைக்கின்றன. படிக்கட்டில் ஏறலாம், சறுக்க முடியாது. கமகத்துக்கோ சறுக்குமரம் வேண்டும். ஆகவே கமகத்துக்குத் தடை மெட்டுகளே என்று தோன்றும்.

ஆனால் நம் வீணையைப் பாருங்கள். அதிலும் மெட்டுகள் உண்டு. மொத்தம் 24, எட்டுச்சுரக் கோவைக்கு 12 வீதம் இரண்டு கோவைகள். கிதாரில் உள்ள அதே படிக்கட்டு! அப்படியிருக்க, கமகத்துக்கே பெயர்பெற்ற வாத்தியமாக வீணை எப்படி ஆயிற்று?

வீணைக்காரரின் இடக்கையைக் கவனித்தால் விடை கிடைக்கும். அவர் தந்தியை மெட்டின்மேல் அழுத்துவதோடு நிற்பதில்லை. அதைப் பக்கவாட்டில் இழுக்கிறார். தந்தி இழுபடும்போது இழுவிசை கூடுகிறது. சுருதி படிப்படியாக அல்ல, வழுக்கிக்கொண்டு ஏறுகிறது. இது இரண்டாம் விதி. ஒரே மெட்டில் நின்று மூன்று, நான்கு சுரத்தானங்கள் வரை அவர் இழுத்துவிடுவார்.

கோட்டு வாத்தியத்தில் மெட்டே கிடையாது. ஒரு வழவழப்பான கட்டையைத் தந்திமேல் நகர்த்தி, நீளத்தையே தொடர்ச்சியாக மாற்றுகிறார்கள். இது முதல் விதி. நம் வில்லுப்பாட்டுக் குழுவிலும் இரண்டாம் விதி ஒலிக்கிறது. வில்லின் நாணில் அல்ல, உடுக்கையில். உடுக்கையின் இடுப்பில் ஓடும் கயிறுகளைக் கை அமுக்கும்போது தோலின் இழுவிசை கூடி, ஓசை "டும்" என்பதிலிருந்து "டுயிம்" என்று வளைகிறது. தோலானாலும் தந்தியானாலும் தத்துவம் ஒன்றே.

சரி, கிதார் தந்தியையும் பக்கவாட்டில் இழுக்கலாமே? இழுக்கலாம், ராக் இசைக்கலைஞர்கள் இழுக்கவே செய்கிறார்கள். ஆனால் அங்கே ஓர் இடையூறு. கிதாரின் மெட்டு, மரத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் அளவே உயர்ந்து நிற்கிறது. தந்தியை அழுத்தும் விரல்நுனி விரற்பலகையின் மரத்தில் முட்டி உராய்கிறது. இழுக்க இழுக்க விரல் தந்தியின் மேலே ஏறி வழுக்குகிறது. வீணையிலோ இருபக்கமும் உயர்ந்த மெழுகுக் கரைகளின்மேல் மெட்டுகள் பாலம்போல் நிற்கின்றன. அடியில் வெறும் காற்று. விரல் எதிலும் முட்டுவதில்லை.

ஆக, தடை மெட்டு அன்று. மெட்டுக்கு அடியில் இருக்கும் மரம்!

மரத்தைக் குடைந்த கிதார்

இதை உணர்ந்து ஒரு கிதாரையே மாற்றி அமைத்த வரலாறு உண்டு. ஜான் மக்லாக்லின் 1942-இல் இங்கிலாந்தில் பிறந்த கிதார் கலைஞர். 1971-இல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற குழுவை அமைத்து, ராக்கையும் ஜாஸையும் கலந்து பேரொலியோடு வாசித்தவர். அப்போது அவர் கையில் இருந்தது ஒரே உடலில் இரு கழுத்துகள் கொண்ட மின்கிதார். ஒன்றில் 6 தந்திகள், மற்றதில் 12. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் அவர் வீணை பயின்றார்.

பிறகு வயலின் கலைஞர் எல். சங்கர், தபேலாக் கலைஞர் ஜாகிர் உசேன், கடம் வித்வான் டி.எச். விநாயக்ராம், மிருதங்க வித்வான் ராமநாதபுரம் ராகவன் ஆகியோருடன் சேர்ந்து அவர் அமைத்த குழுவின் பெயர் "சக்தி". அவர்களுடைய முதல் இசைத்தட்டு 1975-இல் ஒரு கச்சேரியில் பதிவாகி 1976-இல் வெளிவந்தது. அந்த மேடையில் இருவர் கிதார்காரருக்குப் பெரும் சோதனை. வயலினுக்கு மெட்டே இல்லை. சங்கரின் வில் எந்தக் கமகத்தையும் வழுக்கிச் செல்லும். அதற்குப் பதில் சொல்லும் ஆற்றல் கிதாருக்கும் வேண்டும். கடமோ மின்சாரம் இல்லாத மண்பானை. அதை அமுக்கிவிடாத மென்மையும் வேண்டும்.

அதற்காகச் செய்யப்பட்டதே "சக்தி கிதார்". அமெரிக்காவின் கிப்சன் நிறுவனத்தில் ஆபிரகாம் வெக்டர் என்னும் கைவினைஞர் அதை உருவாக்கினார். மின்கிதார் அன்று; குடமுள்ள மரக்கிதார். அதில் இரண்டு மாற்றங்கள். முதலாவது, மெட்டுகளுக்கு இடையே உள்ள மரத்தைப் பிறைபோல் குடைந்து எடுத்துவிட்டார்கள். இப்போது விரல்நுனிக்கு அடியில் காற்று மட்டுமே. வீணைபோலவே தந்தியை இழுக்கலாம். ரிச்சி பிளாக்மோர், இங்வே மால்ம்ஸ்டீன் போன்ற ராக் கலைஞர்களும் இவ்வாறு குடைந்த விரற்பலகையைப் பயன்படுத்தியவர்களே.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அடியில் மரம் இல்லாததால், அளவுக்கு மீறி அழுத்தினால் தந்தி கீழ்நோக்கி வளைந்து, வேண்டாமலே சுருதி ஏறிவிடும். முரட்டு விரலுக்கு இந்தக் கிதார் இடம் கொடாது. வீணை பழகும் குழந்தைக்கு முதல் பாடமாகச் சொல்லப்படும் இலேசான அழுத்தம் இங்கும் முதல் பாடமாகிவிடுகிறது.

எவ்வளவு இழுக்க வேண்டும்?

இரண்டாம் விதியை இனி எண்களில் காண்போம். ஒரு சுரத்தானம் ஏற அதிர்வெண் 1.0595 மடங்காக வேண்டும். இழுவிசை அதன் வர்க்கமாக, அதாவது 1.12 மடங்காக வேண்டும். 12 சதவீதம் கூடுதல். இரண்டு சுரத்தானங்களுக்கு 26 சதவீதம். மூன்றுக்கு 41. நான்குக்கு 59.

கிதாரின் மெல்லிய முதல் தந்தி பெரும்பாலும் 0.25 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் கம்பி. நாம் பார்த்த சூத்திரத்தில் 65 செ.மீ. நீளத்தையும் 329.6 ஹெர்ட்ஸையும் இட்டால், அதன் இழுவிசை சுமார் 7½ கிலோ எடைக்குச் சமம் என்று வரும். ஒரு தலைமயிரைப்போல் சில மடங்கே தடித்த கம்பியில் 7½ கிலோ! இரண்டு சுரத்தானம் இழுத்தால் ஏறக்குறைய 9½ கிலோ. நான்கு இழுத்தால் 12 கிலோவை நெருங்குகிறது. எஃகு தாங்கும் எல்லை வெகு தூரத்தில் இல்லை. கச்சேரி நடுவே முதல் தந்தி "டங்" என்று அறுவதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

மேல்நிலை வகுப்பு மாணவர்கள் இன்னொரு கணக்கும் போடலாம். எஃகின் யங் குணகம் சதுர மீட்டருக்கு 2×10¹¹ நியூட்டன். தந்தியின் குறுக்குப் பரப்பு 0.05 சதுர மி.மீ. இரண்டு சுரத்தானம் ஏற்றத் தேவையான கூடுதல் விசை சுமார் 19 நியூட்டன். அப்படியானால் தந்தி எவ்வளவு நீளவேண்டும்? விடை 1.2 மில்லிமீட்டர் மட்டுமே. காதுக்கு ரி-யிலிருந்து க வரை செல்லும் பயணம், கம்பிக்கு ஒரு மில்லிமீட்டர் நீட்சி. கமகம் பழகும் விரல் எத்தனை நுட்பமான அளவுகோல் என்று எண்ணிப் பாருங்கள்.

மீட்டாமல் ஒலிக்கும் தந்திகள்

சக்தி கிதாரின் இரண்டாவது மாற்றம், ஒலித்துளையின் மேல் சாய்வாக ஓடிய ஏழு கூடுதல் தந்திகள். ராகத்துக்கு ஏற்ப அவற்றுக்குச் சுருதி கூட்டுவார்கள். முக்கியத் தந்தியில் ப ஒலிக்கும்போது, ப-வுக்குச் சுருதி கூட்டிய துணைத் தந்தி தானாகவே அதிரத் தொடங்கும். இதுவே ஒத்ததிர்வு. ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு ஒத்த தாளத்தில் மெல்லத் தள்ளினாலே அது உயர எழுகிறதல்லவா, அதுபோலத்தான். மீட்டிய சுரம் ஓய்ந்த பின்னும் அதன் ரீங்காரம் சற்றே நிற்கும். சிதாரின் கீழ்வரிசைத் தந்திகள் செய்யும் வேலையும் இதுவே.

ரீங்காரம் நிற்பது ஏன் முக்கியம்? ஒருமுறை மீட்டிவிட்டு, அந்த ஒலி அடங்குவதற்குள் கமகம் முழுவதையும் இழுத்து முடிக்க வேண்டும். ஒலி சீக்கிரம் செத்துவிட்டால் இழுப்பதில் பயனில்லை. இங்கேதான் மின்சாரம் துணைக்கு வருகிறது.

காந்தம் கேட்கும் சங்கீதம்

மரக்கிதாரில் தந்தியின் ஆற்றல் குதிரை வழியாக மேற்பலகைக்குப் போய், அங்கிருந்து காற்றுக்குப் போகிறது. ஒலி எவ்வளவு உரத்துக் கேட்கிறதோ அவ்வளவு விரைவில் தந்தியின் ஆற்றல் தீர்ந்துவிடும். ஆற்றல் அழிவின்மை விதிக்கு இசையும் கட்டுப்பட்டதே. குடமே இல்லாத கட்டையான மின்கிதாரில், தந்தியின் ஆற்றல் காற்றுக்கு அதிகம் கசிவதில்லை. ஆகவே அதிர்வு நீண்ட நேரம் நிற்கிறது. ஆனால் காதுக்குக் கேட்பதில்லை. கேட்கச் செய்வது வேறொரு வழி.

தந்திகளுக்கு அடியில் சிறு நிலைக்காந்தங்கள். அவற்றைச் சுற்றி மிக மெல்லிய செம்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். எஃகுத் தந்தி காந்தப் புலத்தில் தானும் சிறிது காந்தமாகிறது. அது அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. ஃபாரடே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது. அணைக்கட்டு மின்நிலையத்தில் சுழலும் மின்னாக்கியும் மின்கிதாரும் ஒரே விதியின் பிள்ளைகள்! கிடைக்கும் சிறு மின்னழுத்தத்தைப் பெருக்கி வளர்த்து ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. ஜார்ஜ் போஷாம்ப் 1931-இல் வடிவமைத்த இத்தகைய கிதாரை, அதன் உருவத்தைக் கண்டு "வாணலி" என்றே அழைத்தார்கள். நைலான் தந்தி பூட்டினால் இது ஊமையாகிவிடும். ஏன் என்று நீங்களே சொல்லலாம்.

இந்த வழியில் கர்நாடக இசைக்கு வந்தவர்களில் மாண்டலின் உ. சீனிவாஸ் முதன்மையானவர். ஆந்திரத்தின் பாலகொல்லுவில் 1969-இல் பிறந்து, சிறுவனாகவே சென்னை மேடைகளை வென்று, 2014-இல் மறைந்தவர். சாதாரண மாண்டலினில் 8 தந்திகள், இரண்டிரண்டாக நான்கு இணைகள். ஓர் இணையை இழுத்தால் இரண்டும் ஒரே அளவு இழுபட வேண்டும். இல்லாவிட்டால் சுருதி பிசிறும். சீனிவாஸ் இணைகளை விட்டுவிட்டு, ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட மின்மாண்டலினை ஏற்றார். இழுக்க வசதி, ஒலி நிற்க மின்சாரம். சக்தி குழு 1997-க்குப் பின் "ரிமெம்பர் சக்தி" என்ற பெயரில் மீண்டும் வாசித்தபோது, அவர் மக்லாக்லினின் அருகில் அமர்ந்தார்.

ராணிப்பேட்டையில் 1970-இல் பிறந்த பிரசன்னா, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் வடிவமைப்புப் படித்தவர். மின்கிதாரில் முழுக் கர்நாடகக் கச்சேரி செய்பவர். ராக் கிதார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்சுக்கு அஞ்சலியாக 2006-இல் ஓர் இசைத்தொகுப்பும் வெளியிட்டார். மெட்டுகள் உள்ள கிதாரிலேயே, ஒரு மெட்டிலிருந்து மற்றொன்றுக்கு விரலை வழுக்கியும் தந்தியை இழுத்தும் அவர் கமகத்தைப் பிடிக்கிறார். நீளம் பாதி, இழுவிசை பாதி என்று இரு விதிகளையும் ஒரே விரலில் கலக்கும் வித்தை அது. சக்தி குழு 2023-இல் வெளியிட்ட புதிய தொகுப்புக்கு 2024-இல் கிராமி விருது கிடைத்தது.

விரற்பலகையும் நம் மலையும்

குடைந்தாலும் குடையாவிட்டாலும், விரற்பலகைக்கு அடர்த்தியான, தேயாத மரம் வேண்டும். கருங்காலியும் ஈட்டியுமே பெரும்பாலும் இதற்கு உகந்தவை. 1960-களின் இறுதியில் பிரேசில் நாட்டு ஈட்டி கிடைப்பது அரிதானபின், உலகக் கிதார்த் தொழில் பெரிதும் திரும்பியது இந்திய ஈட்டியை நோக்கி. தோதகத்தி என்றும் பெயருள்ள அந்த மரத்தின் வீடு நம் மேற்குத் தொடர்ச்சி மலை. விரற்பலகைக்கு மட்டுமன்றி, கிதார்க் குடத்தின் பின்பலகைக்கும் பக்கப்பலகைக்கும் அது செல்கிறது.

மெதுவாக வளரும் இந்த மரத்தைக் காக்கத் தமிழ்நாடு 1994-இல் தனிச் சட்டமே இயற்றியது. 2017 முதல் ஈட்டிக் குடும்ப மரங்கள் அனைத்தின் பன்னாட்டு வணிகமும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு அளித்தார்கள். தந்தியின் விதிகளை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், குறையாது. மரம் அப்படியல்ல. இசைக்கலைஞனுக்கும் காட்டுக்கும் உள்ள இந்த உறவை நாம் மறந்துவிடலாகாது.

நீங்களே செய்து பாருங்கள்

கடையில் கிதாரின் முதல் தந்தி ஒன்று வாங்குங்கள். ஒரு முனையை மேசையின் ஓர் ஓரத்தில் ஆணியில் கட்டுங்கள். மேசைமேல் இரு பென்சில்களை 65 செ.மீ. இடைவெளியில் வைத்து, அவற்றின்மேல் தந்தியைச் செலுத்தி, மறுமுனையை மேசைக்கு வெளியே தொங்கவிட்டு ஒரு சிறு வாளியைக் கட்டுங்கள். வாளியும் தண்ணீருமாக 1 கிலோ இருக்கட்டும். ஒரு லிட்டர் தண்ணீர் 1 கிலோ என்பதால் கணக்கு எளிது. தந்தியைச் சுண்டி, ஒலியை நினைவில் வையுங்கள். அதை ஸ என்று கொள்ளுங்கள்.

மொத்த எடையை 1.26 கிலோ ஆக்குங்கள். சதுசுருதி ரி கேட்கும். 1.59 கிலோ ஆக்கினால் அந்தர க. 4 கிலோவில் மேல் ஸ. பென்சிலில் உராய்வு உண்டு; ஆகவே ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றிய பின் தந்தியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கேளுங்கள். முகத்தைத் தந்திக்கு நேராக வைக்காதீர்கள். அறுந்தால் கண்ணுக்கு ஆபத்து. வாளிக்கு அடியில் கால் வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. வாளியில் தண்ணீரை மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே, நண்பர் ஒருவரைத் தந்தியை விடாமல் சுண்டச் சொல்லுங்கள். சுருதி படியேறாமல் வழுக்கி ஏறுவதைக் கேட்பீர்கள். பென்சில் அசையவில்லை, நீளம் மாறவில்லை, இழுவிசை மட்டுமே மாறுகிறது. வீணைக்காரரின் விரல் செய்யும் வேலையை இங்கே செய்வது ஒரு குடம் தாமிரபரணித் தண்ணீர். கிதாருக்குக் கமகம் வருமா என்று இனி எவரேனும் கேட்டால், அவரையும் அந்த மேசையருகே அழைத்து வாருங்கள்.